கற்பனை நாட்டில் அலை வீசும்போது: தேர்தல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துவோரும், ஊர்த் திருவிழாவுக்கு மேடை நாடகம் எழுதுவோரும், போட்டிக்கு அரசியல் சிறுகதை அனுப்புவோரும் பெரும்பாலும் ஒரு கற்பனை நாட்டையே களமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மைக் கட்சிகளின் பெயரைச் சொன்னால் பார்வையாளர்களில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப்பேர் கைதட்டுவார்கள், இரு தரப்பாரும் கதையைக் கவனிக்க மாட்டார்கள் என்பதால் அது நல்ல முடிவுதான். அந்த நாட்டில் பொதுத்தேர்தல் வருகிறது; ஒரு கட்சி எதிரிகளைத் துடைத்தெடுத்துவிட்டு வெல்கிறது; புதிய பிரதமர் பதவியேற்கிறார். திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் பிரதிகளில் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வசனமும் பேச்சு வழக்கில் சரளமாக இருக்கிறது. தேர்தல் மட்டும் நம்பும்படியாக இருப்பதில்லை. இத்தனைக்கும் எழுதியவர்கள், அலை எப்படி வீசும், எங்கே வந்து நின்றுபோகும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே நன்றாகக் காட்டிய இரண்டு மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் செய்யும் தவறுகளையும், அவற்றைத் திருத்த உதவும் உண்மை நிகழ்வுகளையும் இங்கே எழுதுகிறேன்.

இடங்களை வாக்குகளாக எண்ணிக்கொள்வது

ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலும் இருக்கும் தவறு இது. நூறு தொகுதிகளில் எண்பதை ஒரு கட்சி வென்றதாக எழுதுகிறார்கள். அடுத்த வரியிலேயே "நாட்டு மக்களில் எண்பது விழுக்காட்டினர் நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டனர்" என்று தலைவர் முழங்குகிறார். தலைவர் மேடையில் அப்படி முழங்குவதில் தவறில்லை, தலைவர்கள் முழங்கத்தான் செய்வார்கள். எழுதுபவரும் அதை நம்பிவிடுகிறார் என்பதுதான் சிக்கல்.

தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற முறையில் இடங்களுக்கும் வாக்குகளுக்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்வானது. 1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் 404 இடங்களை வென்றது; இன்றுவரை எந்தக் கட்சியும் எட்டாத உயரம் அது. அப்போதும் அதன் வாக்கு 49 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. சுதந்திர இந்தியாவின் மக்களவைத் தேர்தல்களில் எந்தத் தனிக்கட்சியும் பாதி வாக்கைத் தொட்டதில்லை. 2014இல் தமிழ்நாட்டில் அதிமுக 44 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான வாக்குகளைக் கொண்டு 39 தொகுதிகளில் 37ஐ அள்ளியது. 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2024இல் பிரிட்டனில் தொழிலாளர் கட்சி 650இல் 411 இடங்களைப் பெற்றபோது அதற்கு வாக்களித்தவர்கள் மூவரில் ஒருவர்தான். வாக்கு வீதம் 34ஐக்கூடத் தொடவில்லை. இன்னும் பின்னால் போனால் 1967. திமுக ஆட்சியைப் பிடித்த அந்தச் சட்டமன்றத் தேர்தலில் தனிக்கட்சிக் கணக்கில் அதிக வாக்கு வாங்கியது காங்கிரஸ்தான். 41 விழுக்காடு வாக்கு இருந்தும் 51 இடங்களோடு அது எதிர்வரிசைக்குப் போனது. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது, திமுக தன் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்துக் குறைந்த தொகுதிகளில் நின்றது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

ஆகவே உங்கள் கதையில் பெருவெற்றி பெறும் கட்சிக்கு எவ்வளவு வாக்கு வீதம் தரலாம் என்று கேட்டால், நாற்பதுக்குச் சற்று மேலே போதும் என்பதே என் பதில். மூன்று முனைப் போட்டி என்றால் முப்பத்தைந்தே போதும். அறுபதைத் தாண்டிக் கொடுப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும்.

வேறொரு கேள்வியையும் எழுத உட்காரும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்: கற்பனை நாட்டில் தேர்தல் முறை எது? கட்சிகள் பெறும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசார முறை என்றால் இப்படிப்பட்ட வீக்கம் அவ்வளவு எளிதில் வராது. 120 இடங்கள் கொண்ட இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் இதுவரை எந்தக் கட்சியின் வேட்பாளர் பட்டியலும் தனியாக 61ஐ எட்டியதில்லை. விகிதாசாரத்திலும் அலை வீசலாம். 2024இல் இலங்கையில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களைப் பெற்றது. ஆனால் அதற்கு 61 விழுக்காட்டுக்கும் மேலான வாக்கு தேவைப்பட்டது.

மேலிருந்து எண்ணைத் தீர்மானிப்பது

முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கதைக்குள் போவது அடுத்த தவறு. "ஆளுங்கட்சிக்கு 3, எதிர்க்கட்சிக்கு 97" என்று ஒரு நொடியில் எழுதிவிடலாம். அந்த மூன்று எந்த மூன்று என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது.

ஒரு சின்ன நாட்டைக் கட்டிப் பார்ப்போம். பெயர் செங்கானம். சம வாக்காளர்களைக் கொண்ட 100 தொகுதிகள். மூன்று கட்சிகள்: ஏர், விளக்கு, வில். நாடு முழுவதும் ஏருக்கு 42, விளக்குக்கு 34, வில்லுக்கு 24 என்று ஒரே சீராக வாக்கு விழுந்தால் என்ன ஆகும்? ஏர் நூற்றுக்கு நூறு. ஒரே சீரான பரவலில் இரண்டாம் இடத்துக்கு மதிப்பே கிடையாது.

ஆனால் எந்த நாடும் ஒரே சீராக இருப்பதில்லை. எனவே தொகுதிகளை வட்டாரமாகப் பிரிக்க வேண்டும். சமவெளியில் 60 தொகுதிகள். அங்கே ஏர் 45, விளக்கு 33, வில் 22. ஏர் அறுபதையும் எடுத்துக்கொள்ளும். நகரங்களில் 25, அங்கே ஏர் 41, விளக்கு 37, வில் 22. சராசரியில் நான்கே விழுக்காடு இடைவெளி என்பதால் சில தொகுதிகள் மறுபக்கம் சாயும். ஏருக்கு 20, விளக்குக்கு 5 என்று வைக்கலாம். மலைப்பகுதியில் 15, அங்கே வில் 42, விளக்கு 30, ஏர் 28. வில்லுக்கு 13, மற்ற இருவருக்கும் தலா ஒன்று. இப்போது கூட்டுங்கள். ஏர் 81, வில் 13, விளக்கு 6. நாடு தழுவிய வாக்கில் ஏருக்கு 41.45, விளக்குக்கு 33.55, வில்லுக்கு 25.

வாக்கில் இரண்டாவதாக வந்த விளக்கு, இடத்தில் மூன்றாவதாகப் போய்விட்டது. இதை மேலிருந்து கற்பனை செய்திருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காது; கீழிருந்து கூட்டியதால் தானாக வந்தது. இது வெறும் காகிதக் கணக்கும் அன்று. 1977இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை வென்ற தேர்தலில், முப்பதை ஒட்டிய வாக்கு வீதம் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, தன் வாக்கு வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்த காரணத்தால், 18 இடங்களோடு வந்தது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கனடாவில் 1993இல் ஆளுங்கட்சியாகக் களமிறங்கிய முற்போக்குப் பழமைவாதக் கட்சி 16 விழுக்காடு வாக்கு பெற்றும் இரண்டே இடங்களில் சுருங்கியது. சிதறிக் கிடக்கும் வாக்கு பெருந்தோல்வியிலும் திரண்டு கிடக்கும் வாக்கு பெருமதிப்பிலும் முடியும் என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

அலை எல்லா ஊரையும் நனைக்கும் என்று நினைப்பது

இந்தத் தவறை நம் பக்கத்துப் பிள்ளைகள் செய்வதுதான் எனக்கு விளங்கவே இல்லை. காவிரியில் வெள்ளம் வந்து ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்படும் நாளில்கூடப் பென்னாகரத்து மேட்டு நிலம் வறண்டே கிடக்கும். தேர்தல் அலையும் அப்படித்தான்.

2014ஐயே மறுபடி எடுத்துக்கொள்வோம். அதிமுக வெல்லாத அந்த இரண்டு தொகுதிகளில் ஒன்று கன்னியாகுமரி, மற்றொன்று தருமபுரி. இங்கே பாமகவின் அன்புமணி ராமதாஸ் 77,000 வாக்குகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். பக்கத்துக் கிருஷ்ணகிரி அலையோடு போய் அதிமுகவுக்கு விழுந்தது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயண இடைவெளியில் இரண்டு வேறு முடிவுகள். 2019இல் திமுக கூட்டணி 39இல் 38ஐ வென்றபோது தருமபுரியும் சேர்ந்து சாய்ந்தது. அந்த முறை விலகி நின்றது தேனி. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி 159 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது. பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று தருமபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் ஒன்று விடாமல் அதிமுக கூட்டணிக்கே போயின. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறில் மூன்று அந்தப் பக்கம், மூன்று இந்தப் பக்கம். கிருஷ்ணகிரி தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்தவை 794 வாக்குகள். ஒரே ஒரு வாக்குச்சாவடியில் பதிவாகும் வாக்குகள் அவ்வளவு இருக்கும்.

எனவே கற்பனை நாட்டில் அலை தொடாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அவை ஏன் தொடப்படவில்லை என்பதற்கும் காரணம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சமூகம் ஒரே வட்டாரத்தில் திரண்டிருப்பது ஒரு காரணம். எல்லையோரத்தில் வேறு மொழி பேசுவோர் மிகுதியாக இருப்பது மற்றொன்று. தளி, ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்கு வாக்குக் கேட்டுப் போகும் வேட்பாளர், ஊத்தங்கரையில் பேசும் அதே பேச்சைப் பேசிவிட்டு வர முடியாது. குடிநீரைப் போன்ற உள்ளூர்ப் பிரச்சினை மூன்றாவது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடிப் பல் கறை பிடித்த தலைமுறைகள் வாழ்ந்த இம்மாவட்டங்களில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எத்தனை தேர்தல்களில் மேடையேறியது என்பதை மூத்தவர்களிடம் கேட்கலாம். தலைநகரத்து ஊழல் வழக்கு செங்கானத்தின் சமவெளியை உலுக்கலாம். மலையடிவாரத்தில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அது இரண்டாம் செய்திதான்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு, அதை எந்தப் பிரதியிலும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரே நாளில், ஒரே சாவடியில், ஒரே வாக்காளர் இரண்டு விதமாக வாக்களிக்கலாம். 2019 ஏப்ரல் 18 அன்று அரூர், பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதி மக்கள் மக்களவைக்கு ஓர் இயந்திரத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு இன்னோர் இயந்திரத்திலும் பொத்தானை அழுத்தினார்கள். அவை அடங்கிய தருமபுரி மக்களவைத் தொகுதியைத் திமுக வென்றது. அந்த இரண்டு சட்டமன்ற இடங்களையும் அதிமுக வென்றது. டெல்லிக்கு யார் போவது என்பது ஒரு கேள்வி, கோட்டையில் யார் இருப்பது என்பது வேறொரு கேள்வி என்று வாக்காளர் தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். 1980இலும் இதுவே நடந்தது: ஜனவரியில் மக்களவைக்கு 39இல் 37ஐத் திமுக–காங்கிரஸ் கூட்டணிக்குக் கொடுத்த தமிழ்நாடு, மே மாதம் சட்டமன்றத்துக்கு எம்.ஜி.ஆரின் அதிமுகவுக்கு 129 இடங்களைக் கொடுத்தது. கற்பனை நாட்டில் மாகாண அரசுகள் இருந்தால், மத்தியில் வீசிய அலை மாகாணத்திலும் தானாக வீசும் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரே காரணம்

கதையில் ஒரு பேச்சு, ஒரு மரணம், ஒரு ஊழல் என ஏதோ ஒன்று நடந்து நாடே புரண்டுவிடும். அனுதாப அலை உண்மையானது, 1984உம் 1991உம் அதற்குச் சான்று. ஆனால் 1991இல் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி 234இல் 225 இடங்களை வென்றதற்கு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது மட்டும் காரணம் என்றால், அந்த இரண்டு கட்சிகளும் அதற்கு முன்பே கைகோத்திருந்ததை என்ன செய்வது? 1996இல் ஆட்சி மீதான கோபத்தோடு, காங்கிரசிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்ததும் கணக்கை மாற்றியது. பெரும்பாலான பெருவெற்றிகளில் உணர்ச்சி ஒரு பாதி, கூட்டணிக் கணக்கு மறுபாதி. நாடக ஆசிரியர்கள் முதல் பாதியை மேடையில் காட்டுகிறார்கள். தொகுதிப் பங்கீடு பேசும் இரவுக் காட்சி ஒன்றை எழுதினால் அது அதைவிடச் சுவையாக இருக்கும் என்பது என் கருத்து.

வாக்குப்பதிவு உயர்ந்தால் அலை என்று எழுதுவதும் இதே வகைப்பட்டது. 2024இல் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப்பதிவு நடந்தது தருமபுரியில். மத்திய சென்னையில் அது 54ஐ ஒட்டியே இருந்தது. இரண்டும் ஒரே கூட்டணிக்குத்தான் போயின. பிரிட்டனில் 2001இலும் 2024இலும் நானூறு இடங்களுக்கு மேல் ஒரே கட்சிக்குக் கொடுத்த தேர்தல்களில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் அறுபது விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள்.

தோற்றவரைத் தூக்கிக் குப்பையில் போடுவது

பெருந்தோல்வி என்றவுடன் தோற்ற கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் டெபாசிட் காலி என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியச் சட்டப்படி செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர்தான் கட்டிய தொகையை இழப்பார். செங்கானத்தில் ஆறே இடம் பெற்ற விளக்குக்கு எந்த வட்டாரத்திலும் சராசரி வாக்கு முப்பதுக்குக் குறையவில்லை. அதன் வேட்பாளர்களில் அநேகமாக எல்லாருமே பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தலைவரே தோற்கும் காட்சியை எழுத விரும்புவோருக்குப் பர்கூரைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1991இல் அங்கே 37,000 வாக்குகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, 1996இல் மீண்டும் அதே தொகுதியில் நின்று திமுகவின் இ.ஜி. சுகவனத்திடம் 8,366 வாக்குகளில் தோற்றார். அன்று பர்கூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். ஆட்சியில் இருந்த ஒருவர், தம் கட்சி நான்கே இடங்களுக்குச் சுருங்கிய தேர்தலில், எட்டாயிரத்துச் சொச்சத்தில் தோற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து இலக்க வித்தியாசம்கூட இல்லை. ஆயிரக்கணக்கானோர் கடைசிவரை அவருக்கே வாக்களித்தார்கள். கதையில் அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்காவது ஒரு வசனம் தர வேண்டும். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் டீக்கடைக்கு வந்து, யாரும் கேட்காமலேயே "நான் இந்தத் தடவையும் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லும் ஒரு பெரியவர் இல்லாமல் அந்தத் தேர்தல் முழுமை பெறாது.

அதே தோல்வியில் அதிமுக மாநில அளவில் 21 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வைத்திருந்தது. 2001இல் 132 இடங்களோடு திரும்பி வந்தது. 1991இல் இரண்டே இடங்களில் நின்ற திமுக 1996இல் 173ஐ எட்டியது. துடைத்தெறியப்பட்ட கட்சி, அடுத்த தேர்தலில் துடைத்தெறியும் கட்சியாகிவிடுகிறது. ஆகவே தோற்ற கட்சியின் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடும் காட்சி வேண்டாம். உண்மையில் அங்கே அன்றிரவு நடப்பது, எந்தச் சாவடியில் எவ்வளவு குறைந்தது என்று பட்டியல் எடுப்பதுதான்.

எண்ணிக்கை நாளை ஒரே மூச்சில் முடிப்பது

"காலை எட்டு மணிக்கு எண்ணிக்கை தொடங்கியது; ஒன்பது மணிக்குள் முடிவு தெரிந்துவிட்டது" என்ற வரி நாடகங்களில் அடிக்கடி வருகிறது. நம் முறையில் முதலில் அஞ்சல் வாக்குகளை எடுப்பார்கள், அரை மணி கழித்து இயந்திரங்கள் வரும். ஒரு சட்டமன்றப் பகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். மேசைக்கு ஓர் இயந்திரம் என்றால் ஒரு சுற்றில் 14 சாவடிகள் முடியும். 250 சாவடி உள்ள தொகுதிக்கு 18 சுற்று வரும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அலுவலர் முத்திரையைக் காட்டுவார், இந்தப் பக்கம் முகவர்கள் எக்கிப் பார்ப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் திரையில் வந்து போகும். முகவர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, வாக்குப்பதிவு அன்று சாவடியில் வாங்கி வைத்த 17சி படிவத்தின், அதாவது அங்கே பதிவான வாக்குகளின் கணக்குத் தாளின், மொத்தத்தோடு சரிபார்ப்பார். தொலைக்காட்சியில் வரும் "முன்னிலை" என்ற சொல்லைவிட அந்தக் காகிதத்தில் பென்சிலால் எழுதிய கூட்டல்தான் முகவருக்குப் பெரியது.

சாவடிகள் ஊர்வாரியாக வரிசையில் வருவதால், முதல் சில சுற்றுகள் ஒருவருடைய பலமான ஊர்களாகவே அமைந்துவிடலாம். 2024இல் தருமபுரியில் காலைச் சுற்றுகளில் பாமகவின் சௌமியா அன்புமணி முன்னிலையில் இருந்தார். முடிவில் திமுகவின் ஆ. மணி 21,300 வாக்குகளில் வென்றார். மாநிலத்தின் 39 தொகுதிகளும் ஒரே கூட்டணிக்குப் போன தேர்தலில் மிகக் குறைந்த வித்தியாசங்களில் ஒன்று அது. நாடே ஒரு பக்கம் சாயும் நாளிலும் ஒரு தொகுதியின் எண்ணிக்கைக் கூடத்தில் இப்படி மூச்சடைக்கும் போட்டி நடக்கும். கதைக்கு அந்தக் கூடம்தான் வேண்டும். தலைநகரத்துப் பட்டாசுச் சத்தத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வெற்றிக்கு அடுத்த நாள்

பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்ததாக எழுதுவது நாடாளுமன்ற முறையையே தலைகீழாக்கிவிடும். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாட்டின் தலைவராக இருக்கும் குடியரசுத் தலைவரோ மன்னரோ அவரை அழைக்க வேண்டும். இது ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம்.

எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் மக்களவையில் பத்தில் ஒரு பங்கு இடமாவது வேண்டும் என்ற மரபு இருப்பதால், 1984க்குப் பிறகும், 2014, 2019 தேர்தல்களுக்குப் பிறகும் அந்தப் பதவி காலியாகவே இருந்தது. 2011இல் தமிழ்நாட்டில் நடந்ததைக் கதையாக எழுதியிருந்தால் "இது மிகை" என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள்: அதிமுக கூட்டணியில் நின்று 29 இடங்களை வென்ற தேமுதிக, 23 இடங்களை மட்டும் பெற்ற திமுகவைவிட அதிகம் வைத்திருந்ததால், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வென்ற கூட்டணிக்குள்ளிருந்தே எதிர்க்கட்சி பிறந்தது. செங்கானத்தில் அதே மரபைப் பின்பற்றினால் 13 இடம் பெற்ற மலைக் கட்சியான வில்லுக்கு அந்த நாற்காலி கிடைக்கும். வாக்கில் அதைவிட மேலே நின்ற விளக்கு பின்வரிசையில் உட்காரும். இரண்டு தலைவர்களும் முதல் நாள் அவையில் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதே நாடகத்தின் ஓர் அங்கத்துக்குப் போதுமானது.

மூன்றில் இரண்டு பங்கு கிடைத்ததும் எதையும் மாற்றிவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. அதே நேரத்தில் எதையும் மாற்ற மாட்டார்கள் என்று நினைப்பதும் தவறுதான். இந்தியாவில் அரசமைப்புத் திருத்தத்துக்கு மாநிலங்களவையின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் மக்களவை அலை மட்டும் போதாது. இலங்கையில் அப்படிப்பட்ட தடை இல்லை. 1977இல் வென்றவர்கள் மறு ஆண்டே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையையும் விகிதாசாரத் தேர்தலையும் கொண்டுவந்தார்கள், 1982இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டித்துக்கொண்டார்கள். தங்களை வெல்ல வைத்த தேர்தல் முறையையே மாற்றி அமைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கற்பனை நாட்டுக்கு இரண்டாம் அவை உண்டா, அதன் உறுப்பினர்கள் எப்போது மாறுவார்கள் என்பதை முடிவு செய்யாமல் புதிய அரசமைப்பை நிறைவேற்றும் காட்சிக்குப் போக வேண்டாம்.

வெற்றி பெற்ற கட்சிக்குள் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பதாக எழுதுவது கடைசித் தவறு. எதிரில் யாரும் இல்லாதபோது சண்டை உள்ளே தொடங்கும். 1971இல் 184 இடங்களோடு வென்ற திமுக, அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே எம்.ஜி.ஆரை நீக்கிப் பிளவுபட்டது. நானூறு பேரோடு வந்த 1984 அரசு, 1985இலேயே கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது; இருந்தும் அந்த ஆட்சிக்குள்ளிருந்து வெளியேறியவர்களே 1989இல் அதைத் தோற்கடித்த அணிக்குத் தலைமை தாங்கினார்கள். காரணம் எளிய கணக்கு. 2003இல் வந்த 91ஆவது திருத்தப்படி அமைச்சர்கள் எண்ணிக்கை அவையின் மொத்த இடத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. செங்கானத்துக்கும் அதே விதியை வைத்தால், ஏர்க் கட்சியின் 81 பேரில் 15 பேர்தான் அமைச்சராக முடியும். மீதி 66 பேரும் தலைநகரத்து விடுதி அறையில் உட்கார்ந்து, பதவியேற்பு விழாவுக்கு அழைப்பு வரும் என்று தொகுதிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்ததை நினைத்துக்கொண்டு, அமைச்சர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பேரவைச் செயலகத்துக்குத் தெரிந்த ஆட்களை அனுப்பி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் வாக்கு வித்தியாசம் அதிகமாக வாங்கியவர்தான் முதலில் கோபப்படுவார்.